துறப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்
புனிதர்களின் குடும்பச் சொத்தும் குலப் பின்னணியும்

சிங்கப்பூர் சைனாடவுனைத் தாண்டித் தெற்கே கம்போங் பாரு பக்கம் போனால், மேட்டின் மேல் குவிமாடத்தோடு புனித தெரேசா ஆலயம் நிற்கிறது. ஹொக்கியன் பேசும் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பப்பட்டு, 1929-இல் திறக்கப்பட்ட கோயில். கட்டடப் பணியை முன்னின்று நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் மரியெத், வேலை நடந்துகொண்டிருந்தபோதே பலகை விழுந்து அடிபட்டு இறந்துபோனார். சுற்றிலும் அன்று வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகக் கூலிகளும் சுமை தூக்குவோரும் சிறு கடைக்காரர்களும்தான். அவர்களுக்குக் காவலாகக் கொடுக்கப்பட்டவரோ பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் வசதியான குடும்பமொன்றில் கடைக்குட்டியாகப் பிறந்த பெண்.

குழந்தை தெரேசாவை ஏழை எளியவர்களின் புனிதையாகவே தமிழ்க் கத்தோலிக்கர்கள் அறிந்திருக்கிறார்கள். சிறுமலர், சிறிய வழி என்றெல்லாம் பிரசங்கத்தில் கேட்டவர்களுக்கு அவருடைய குடும்ப வரவு செலவு ஆச்சரியமாக இருக்கும். தந்தை லூயி மார்ட்டின் அலான்சோன் நகரில் கடிகாரக் கடையும் நகைக்கடையும் வைத்திருந்தவர். தாய் செலி அந்த ஊரின் புகழ்பெற்ற ஊசிச் சரிகைப் பின்னல் தொழிலை நடத்தினார். பல பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே துண்டு துண்டாகப் பின்னித் தர, அவற்றை இணைத்து முடித்துப் பாரிசுக்கு அனுப்புவார். மனைவியின் வியாபாரம் அத்தனை நன்றாக நடந்ததால் 1870-இல் லூயி தன் கடிகாரக் கடையைச் சகோதரியின் மகனிடம் விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்கு உதவ வந்துவிட்டார். இந்தத் தம்பதிக்கே 2015 அக்டோபரில் புனிதர் பட்டம் கிடைத்தது. கணவனும் மனைவியும் ஒன்றாகப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

இந்த வசதி தெரேசாவின் புனிதத்துக்கு என்ன செய்தது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 1887-இல் பதினான்கு வயதுப் பெண் ரோமுக்குப் போய்ப் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் காலடியில் மண்டியிட்டு, கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்கிறாள். அவர் வரலாற்றில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி அது. அந்த யாத்திரைக் குழுவில் மேட்டுக்குடியினர் நிறைய இருந்தார்கள். மகள்களோடு அதில் சேர்ந்து போவதற்கு லூயி மார்ட்டினிடம் பணமும் இருந்தது. சரிகை பின்னித் தந்த ஒரு பெண்ணின் மகளுக்கு அதே ஆசை இருந்திருந்தால் அது அந்த ஊர்ப் பாதிரியாரின் காதோடு நின்றிருக்கும். தெரேசாவின் அக்காள் செலீன் 1894-இல் மடத்தில் சேர்ந்தபோது தன் புகைப்படக் கருவியையும் கூடவே கொண்டுபோனார். அடைபட்ட மடத்துக்குள் வாழ்ந்து இருபத்துநான்கு வயதில் இறந்த ஒரு துறவியின் முகம் உலகத்துக்குத் தெரிய அதுவே காரணம். 1898-இல் அவருடைய தன்வரலாறு இரண்டாயிரம் பிரதிகளாக அச்சானபோது அந்த வேலையைக் கவனித்தவர் மருந்துக்கடை நடத்திப் பின்னர் பரம்பரைச் சொத்தும் வந்து சேர்ந்த தாய்மாமன் இசிதோர் கெரான். இறந்து இருபத்தெட்டு ஆண்டுகளில், 1925 மே 17-இல், பட்டம் வந்துவிட்டது. அடுத்த நான்காண்டுகளில் சைனாடவுன் அருகே கோயில்.

அவருடைய பக்தியைப் பணத்தால் அளக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். காசநோயில் அவர் பட்ட பாடும், விசுவாசமே இருண்டுபோன கடைசி மாதங்களும் உண்மையானவை. ஆனால் அதே மடத்தில் அதே நோயில் இறந்த ஓர் ஏழைத் துறவியைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. புனிதம் வேறு, புனிதர் பட்டியல் வேறு. பட்டியலுக்குக் காகிதம் வேண்டும், சாட்சி வேண்டும், எடுத்து நடத்த ஆள் வேண்டும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் டொனால்டு வைன்ஸ்டைனும் ருடால்ஃப் பெல்லும் 1000-க்கும் 1700-க்கும் இடைப்பட்ட 864 புனிதர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மக்கள்தொகையில் மிகச் சிறு பங்காக இருந்த பிரபுக்களின் பிள்ளைகள் புனிதர் பட்டியலில் தங்கள் விகிதத்துக்குப் பல மடங்கு மிகுதியாக இருப்பதை அது காட்டுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோராக இருந்த உழவர்கள் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவில்தான் இருக்கிறார்கள்.

காரணம் ஓரளவு கதை சொல்லும் முறையிலேயே இருக்கிறது. புனிதர் சரிதம் என்றால் துறவு வேண்டும். அசிசியின் பிரான்சிஸ் ஜவுளி வியாபாரியின் மகன். தந்தை வாங்கித் தந்த உடையை ஆயர் முன்னிலையில் கழற்றி அவரிடமே கொடுக்கிறார். ஆடையே இல்லாதவன் எதைக் கழற்றுவது? வறுமையை விரும்பி ஏற்றவனுக்குப் புகழ் உண்டு, வறுமையில் பிறந்தவனுக்கு அது வெறும் பிறப்பு. சிங்கப்பூரில் 1852-இல் பள்ளி தொடங்கிய லசால் சகோதரர்களின் நிறுவனர் ழான் பத்தீஸ்த் தெ லசாலும் இந்த வார்ப்புதான். ரான்ஸ் நகரின் செல்வக் குடும்பம். பேராலயத்தில் வருமானமுள்ள பதவி. பதவியை விட்டார், 1684-இல் வந்த பஞ்சத்தில் சொத்தையும் ஏழைகளுக்கு உணவாகக் கொடுத்துத் தீர்த்தார்.

தமிழர்களுக்கு மிக நெருங்கிய புனிதரான சவேரியாரின் கதை இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அவர் துறந்தது ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த செல்வம். தந்தை ஹுவான் தெ யாசு நவார் அரசரின் ஆலோசனைச் சபைத் தலைவர். தாய் சவியேர் கோட்டையின் வாரிசு. காஸ்டிலியர்கள் நவாரைப் பிடித்தபின் 1516-இல் அந்தக் கோட்டையின் கோபுரங்களை இடிக்க வைத்தார்கள். அண்ணன்மார் தோற்ற பக்கத்தில் நின்று சண்டையிட்டவர்கள். 1525-இல் பாரிசுக்குப் படிக்கப் போன இளைஞன் அங்கேயும் வேலைக்காரன் வைத்திருந்தான். 1531-இல் தன் உயர்குடிப் பிறப்பைச் சட்டப்படி உறுதிசெய்து கொள்ள ஆவணம் எழுதி அனுப்பினான். பம்ப்லோனா ஆலயத்தில் ஒரு நல்ல பதவி கிடைக்க அது தேவை. உறுதிச் சான்று 1536-இல் வந்து சேர்ந்தபோது, அவர் இஞ்ஞாசியாரோடு வறுமை வார்த்தைப்பாடு கொடுத்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டிருந்தன. புனிதர் வரலாறுகளில் நான் படித்த மிக மனிதத்தனமான தகவல் இது.

சவேரியார் இந்த வட்டாரக் கடல் வழியாகவும் போயிருக்கிறார். 1552 ஜூலையில் அவர் எழுதிய சில கடிதங்கள் சிங்கப்பூர் நீரிணையிலிருந்து எழுதப்பட்டவை. அப்போது அவர் ஏறியிருந்த சாந்தா குரூஸ் கப்பல் அவருடைய வணிக நண்பர் தியோகு பெரேராவுடையது. சீனாவுக்குப் போகவிருந்த தூதுக்குழுவின் செலவையும் பெரேராவே ஏற்றிருந்தார். மலாக்காத் தளபதி பெரேராவைப் போகவிடாமல் தடுத்துவிட்டதால் தூது என்பது போய், பாதிரியார் மட்டும் போனார். அந்த டிசம்பரிலேயே சாங்சுவான் தீவில் இறந்தார். பிச்சைப் பாத்திரத்தோடு அலைந்த மகான் என்று நாம் நினைக்கும் மனிதரின் கடைசிப் பயணத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரியின் முதலீடு இருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. அந்தக் காலத்தில் கிழக்கே வர வேறு வழியும் இல்லை.

1622 மார்ச் 12-இல் சவேரியாருக்குப் பட்டம் கிடைத்தது. அதே நாளில் பட்டம் பெற்ற மற்ற நால்வர் லொயோலா இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, பிலிப்பு நேரி, இசிதோர். முதல் இருவரும் குடிப் பெருமையோ காசோ உள்ள வீட்டுப் பிள்ளைகள். நேரி ஃபுளோரன்ஸ் நகரத்து நோட்டரியின் மகன். கடைசியானவர் மட்டும் மாட்ரிட் அருகே ஒரு பண்ணையாரின் நிலத்தை உழுத கூலியாள். ஐவரில் ஓர் ஏழை இருக்கிறாரே என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். இசிதோர் இறந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டில். ஸ்பானிய அரசர் மூன்றாம் பிலிப்பு தன் நோய் அவரால் குணமானது என்று நம்பி, பட்டத்துக்கான வழக்கை முடுக்கிய பிறகுதான் வேலை நடந்தது. உழவனுக்காக அரசன் வாதாட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-இல் வெட்டுண்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ லிஸ்பன் பிரபுக் குடும்பத்தவர். தந்தை ரியோ தெ ஜெனீரோவின் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்தவர். பையன் அரண்மனையில் இளவரசர் பெத்ருவோடு வளர்ந்தவன். அந்த இளவரசரே பின்னாளில் அரசராகி, 1687-இல் நாடு திரும்பியிருந்த பாதிரியாரை லிஸ்பனிலேயே தங்கிவிடச் சொன்னார். கேட்காமல் மறவர் நாட்டுக்கே திரும்பி வந்து இறந்தார். நட்டாலத்து நீலகண்டன் என்ற தேவசகாயம் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், நாயர் குடும்பம். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன் எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று மரபு சொல்கிறது. தண்டனையின் நோக்கமே மேல்சாதிக்காரரைக் கீழே இறக்கிக் காட்டுவதாக இருந்தது. ஒரு புலையரையோ சாணாரையோ தண்டிக்க இத்தனை ஜோடனை தேவைப்பட்டிருக்காது. ஏற்கெனவே கீழே வைக்கப்பட்டவர்கள் அவர்கள். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது பெயரோடு இருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டிருந்தது. சாதிப் பட்டம் ஒரு புனிதருக்கு எதற்கு என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் வத்திக்கானுக்கு எழுதியிருந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் பெயரில் எடுத்தது வரலாற்றில் போய்விடாது. அவர் கதை இவ்வளவு நாள் நிலைத்ததற்கே அந்த உயர்ந்த இடத்திலிருந்து விழுந்தது ஒரு காரணம்.

சவேரியார், அருளானந்தர், தேவசகாயம். தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள புனிதர்கள் என்று முதலில் வாயில் வரும் மூவருமே மேட்டுக்குடி. இலங்கையில் டச்சுக்காரர் கண்ணில் படாமல் கூலிக்காரன் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்த யோசேப் வாஸ் கோவாவின் கொங்கணி பிராமணக் குடும்பத்தவர். அவருக்கு 2015 ஜனவரி 14-இல் கொழும்பு காலிமுகத் திடலில் பட்டம் கொடுத்தார்கள். இந்த இடத்தில் சைவர்களின் பட்டியல் நினைவுக்கு வருகிறது. சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அறுபத்துமூவரைத் தெரிந்திருக்கும். சேக்கிழார் ஒவ்வொருவரின் ஊரையும் குலத்தையும் தொழிலையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அதிலும் அந்தணரும் அரசரும் வேளாளரும் மிகுதிதான். ஆனாலும் திருநீலகண்டர் என்ற குயவரும், திருக்குறிப்புத் தொண்டர் என்ற வண்ணாரும், நாகப்பட்டினத்துப் பரதவர் அதிபத்தரும், புலையர் குலத்துத் திருநாளைப்போவாரும் பெயரோடு இருக்கிறார்கள். மீனவரான பேதுருவைத் தலைமகனாகக் கொண்ட திருச்சபையில் முத்துக்குளித்துறை மீனவர் ஒருவருக்குப் பெயர் சொல்லும் பீடம் கிடையாது.

கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு ஒன்று இருந்தது. 1544-இல் மன்னார்த் தீவின் கடலோர மக்கள் சவேரியார் அனுப்பிய ஒரு குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையோடு வந்து அவர்களைக் கொன்றான். அறுநூறு பேர் வரை இறந்தார்கள் என்று மரபு சொல்கிறது. தோட்டவெளியில் அவர்கள் நினைவாக வேதசாட்சிகளின் மாதா கோயில் இருக்கிறது. சாவின் கணக்கில் பார்த்தால் கொரியாவின் நூற்றிமூவரைவிட, ஜப்பானின் இருபத்தாறு பேரைவிட இது பெரிது. அவர்களுக்கு அந்தக் குருவை அனுப்பியவர் இறந்த எழுபது ஆண்டுகளில் புனிதரானார். அவர்கள் நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத மீன்பிடி மக்கள்; தங்கள் பிள்ளைகளின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் விட்டுப் போகவில்லை. வழக்கு நடத்தப் பெயர் வேண்டும்.

ஏழைகளே பட்டியலில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் உள்ளே வந்த வழியைப் பார்த்தால் பெரும்பாலும் வாள்முனையிலோ, ஏதாவது ஒரு சபையின் தோளிலோ வந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் கால்வைத்த முதல் கத்தோலிக்கக் குரு என்று கருதப்படும் லொராந்த் இம்பேர் இரண்டு வழியிலும் வந்தவர். தெற்குப் பிரான்சின் மரிஞ்ஞான் ஊரில் 1796-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவனாக வழியில் கண்டெடுத்த ஒரு காசில் அரிச்சுவடி வாங்கி, பக்கத்து வீட்டுக் கிழவியிடம் எழுத்துக் கற்றார் என்று அவர் வரலாறு சொல்கிறது. செபமாலை செய்து விற்றுப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. பினாங்கு குருமடத்தில் கற்பித்தார், 1821 டிசம்பரில் சிங்கப்பூருக்கு வந்து சில நாள் தங்கினார், சிச்சுவானில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார், ஆயராகிக் கொரியா போனார். 1839 செப்டம்பர் 21-இல் சியோல் அருகே தலை துண்டிக்கப்பட்டது. தன் மக்கள் மேலும் சாகாமல் இருக்கத் தாமாகவே சரணடையுங்கள் என்று சக குருக்களுக்கு அவர் அனுப்பிய சிறு குறிப்பில் வரும் நல்லாயன் உருவத்தையே 1847-இல் கட்டி முடிந்த சிங்கப்பூர்ப் பேராலயத்துக்குப் பெயராக வைத்தார்கள் என்பது இங்கே வழங்கும் செய்தி. அவரோடு இறந்த ழாக் சஸ்தான் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1984-இல் அவர்களோடு பட்டம் பெற்ற கொரியர்களில் உயர்குடி யாங்பான்களும் அரண்மனைப் பெண்களும் விதவைகளும் பாமரர்களும் கலந்தே இருக்கிறார்கள். வெட்டும் கத்திக்கு வர்க்கம் தெரியாது.

இரத்தம் சிந்தாமல் உள்ளே வந்த ஏழைகளின் நிலை வேறு. சிங்கப்பூரில் 1935-இல் முதியோர் இல்லம் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் நிறுவனர் ழான் ழுகான் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரை மீனவரின் மகள். வீட்டு வேலைக்காரியாக வாழ்ந்து, தெருவில் கிடந்த ஒரு கிழவியைத் தன் கட்டிலில் படுக்க வைத்து சபையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஒரு பாதிரியார் நிறுவனர் பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டு அவரை ஓரம் கட்டினார். 1879-இல் அவர் இறந்தபோது கூட இருந்த இளம் சகோதரிகள் பலருக்கு அவர் யார் என்பதே தெரியாது. 2009-இல் பட்டம் வந்தது. ஒரு பிரபுவின் மகளை இப்படி ஓரம் கட்ட அந்தப் பாதிரியாருக்குத் துணிவு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

2000 அக்டோபர் 1-ஆம் தேதி ரோமில் நடந்த விழாவை இந்த விஷயத்தின் முழுப் படமாகவே பார்க்கலாம். அன்று பட்டம் பெற்ற காதரின் டிரெக்சல் ஃபிலடெல்ஃபியா வங்கி முதலாளியின் மகள். தன் பங்காக வந்த ஏறத்தாழ இரண்டு கோடி டாலரையும் கறுப்பின மக்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் பள்ளி கட்டச் செலவிட்டவர். அதே மேடையில் ஜோசபின் பகித்தா. டார்ஃபூரில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, உடலெங்கும் தழும்போடு இத்தாலி வந்து, 1889-இல் வெனிஸ் நீதிமன்றத் தீர்ப்பால் விடுதலை பெற்றுக் கனோசியன் சகோதரியானவர். அந்தச் சபையை நிறுவிய மக்தலேன் கனோசா வெரோனாவின் அரண்மனையில் பிறந்த பிரபுக் குடும்பப் பெண். சபை 1894-இலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. சீமாட்டியும் அடிமையும் ஒரே சீருடையில். ஆனால் சீமாட்டிக்குப் பன்னிரண்டாண்டுகள் முந்திக் கிடைத்தது பட்டம்.

அதே நாளில் சீனாவின் 120 வேதசாட்சிகளும். அவர்களில் ஒருவர் சைனாடவுனுக்கு நெருங்கியவர் என்று எனக்குத் தோன்றுகிறது. மார்க் ஜி தியான்சியாங், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவர். வயிற்று நோய்க்கு அபின் தொட்டு அடிமையானார். திருந்தும் எண்ணம் இல்லை என்று பாதிரியார் பாவமன்னிப்பு மறுத்ததால் முப்பது ஆண்டுகள் நற்கருணை இல்லாமலேயே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1900 ஜூலையில் குத்துச்சண்டைக் கலகத்தில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அந்த நாட்களில் சைனாடவுன் கடைவீடுகளில் கூலிகள் அபின் புகைத்துப் படுத்துக் கிடந்தார்கள். நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி அந்த அபினிலிருந்து வந்தது. அந்தக் கூலிகளில் ஒரு கத்தோலிக்கன் இருந்து, அவனும் இப்படித் தவித்திருந்தால் யார் எழுதிவைத்திருப்பார்கள்?

பணத்தின் இடம் வத்திக்கானுக்குத் தெரியாததல்ல. ஒரு வழக்குக்கு லட்சக்கணக்கான யூரோ ஆகிறது என்ற செய்திகள் 2015-இல் வெளியாகிப் பரபரப்பானபின், 2016 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் புதிய விதிகள் கொண்டுவந்தார். ஒவ்வொரு வழக்கின் நிதிக்கும் கணக்கும் மேற்பார்வையும் வேண்டும். வசதியில்லாத வழக்குகளுக்குப் பொது நிதியிலிருந்து உதவலாம். விதி நல்லதுதான். ஆனால் வழக்குத் தொடங்குவதற்கே ஒரு மறைமாவட்டமோ சபையோ முன்வர வேண்டும்; சாட்சிகள், கடிதங்கள், பதிவேடுகள் வேண்டும். அந்தக் காகிதக் குவியல் ஏழை வீட்டில் சேர்வதில்லை.

ஆகவே இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் 1888-இல் திறந்த காலத்திலிருந்து அங்கே வந்தவர்களில் கூலிகளும் சிறு உத்தியோகஸ்தர்களும் சமையல்காரர்களும் ஆயாக்களும் உண்டு. உங்கள் வீட்டில் பாட்டி ஒருத்தி ஊருக்கெல்லாம் சோறு போட்டாள், யாரோ ஒரு தாத்தா நோயாளிகளைத் தன் அறையில் வைத்துப் பார்த்தார் என்று கதை இருந்தால், பெயரும் ஊரும் தொழிலும் ஆண்டும் போட்டு எழுதிப் பங்குக் கோயிலில் கொடுத்துவையுங்கள். பட்டத்துக்காக அல்ல. மன்னார் மக்களுக்கு அப்படி எழுத அன்று ஒருவரும் இல்லை.